அண்ணாச்சியின் இரண்டாவது கடை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி ஷீபா கேட்டாள். நீங்கள் மேடம் என்று எழுந்து நிற்கிறீர்களே, அதே ஷீபாதான். நேரில் வந்தே பேசுகிறேன் என்றேன். வேண்டாம் சார், எழுதியே கொடுங்கள் என்றாள். பேச ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்த மாட்டேன் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

விளம்பரம் செய்வது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. என் காலத்து வித்தைகளில் பாதி இப்போது செல்லாக்காசு. மீதியை உங்கள் செல்போன் என்னைவிட நன்றாகச் செய்கிறது. ஒரு சின்ன ஏஜென்சி கொஞ்சம் பெரிதாகும்போது எந்த இடத்தில் நிலைப்படி தலையில் இடிக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். எங்களுக்கு இடித்த இடம் என்னுடைய வலது கை. சிரிக்காமல் கேளுங்கள்.

வலியசாலையில் கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்து இந்த ஏஜென்சியைத் தொடங்கினேன். நான் என்ன தொழில் செய்கிறேன் என்பது வீட்டுக்காரருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "எதையோ விக்கறவாளுக்கு என்னத்தையோ எழுதிக் குடுக்கறார்" என்று தெருவில் சொல்லிவைத்திருந்தார். அதைவிடச் சரியாக நானும் சொல்லியிருக்க முடியாது.

முதல் கிளையன்ட் சாலை பஜாரில் ஒரு பாத்திரக் கடை. முதலாளி நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இந்த மலையாள ஊரில் வேர்பிடித்தவர். பஜார் முழுக்க அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அவருக்கு நான் சாமி. ஓணத்துக்கு ஒரு பத்திரிகை விளம்பரம் வேண்டும் என்றார். கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி, எதையும் தொடங்க ஆகாத மாதம். அது கழிந்து சிங்க மாதம், அதாவது ஆவணி, ஒன்றாம் தேதி காலையில், முதல் போணிக்கு முன்னால், என்னைக் கடைக்கு வரச் சொன்னார். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு நாணயம் வைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, விளம்பரத்தின் முதல் வரியை ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பத்திரிகைக்கு அனுப்பினார்.

அந்த ஓணத்துக்கு அவர் கடையில் உருளியும் நிலவிளக்கும் எடுத்துவைக்க ஆள் போதவில்லை. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். எதிர்க்கடைக்காரருக்குப் பங்காளி வீட்டில் சாவு, ஓணம் முடியும்வரை பாதி நாள் கடை அடைத்துக் கிடந்தது. ஆனால் அண்ணாச்சி பஜார் முழுக்க ஒரே வார்த்தையைச் சொன்னார். சாமிக்குக் கைராசி உண்டு.

அடுத்த வருஷம் குடைக் கடைக்காரர் வெற்றிலைத் தட்டோடு காத்திருந்தார். அதற்கடுத்த வருஷம் ஜவுளி, அப்புறம் பலசரக்கு. என் எழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்தக் காலத்தில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. எல்லோருக்கும் என் கை வேண்டியிருந்தது. எனக்கும் அது கசக்கவில்லை. ஒரு மனிதனின் கையைப் பார்த்து, இந்தக் கை பட்டால் நன்றாக வரும் என்று இன்னொருவர் நம்புவது எவ்வளவு சுகமான விஷயம் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

கம்பெனி வளர்ந்தது. வலியசாலை முன்னறை போதாமல் தைக்காட்டில் ஒரு மாடியை எடுத்தோம். டிசைனர்கள் வந்தார்கள், கணக்குவழக்கையும் ஆள் அம்பையும் பார்த்துக்கொள்ள மோகனன் என்ற மேனேஜர் வந்தார். ஒரு ஆஸ்பத்திரி கிடைத்தது, ஃபிளாட் கட்டுகிறவர்கள் வந்தார்கள். எல்லாம் வளர்ந்தது, என் கை மட்டும் ஒன்றாகவே இருந்தது. சிங்கம் ஒன்றாம் தேதி காலையில் பஜாரில் இருக்கும் அத்தனை கடைக்கும் போணிக்கு முன்னால் நான் வேண்டும். ஒரு கடையில் வெற்றிலையை வாங்கி, மடித்துக் கட்டிய வேட்டியோடு அடுத்த கடைக்கு ஓடுவேன். எல்லாக் கடைக்கும் போணி அதே நேரம்தானே.

அந்த ஒரு நாளோடு போனாலும் பரவாயில்லை. கைராசி மெல்ல மற்ற மாதங்களுக்கும் பரவிவிட்டது. பேனர் அச்சுக்குப் போகுமுன் சாமி ஒரு பார்வை பார்க்கட்டும், கடைத் திறப்புக்குச் சாமியே தேதி சொல்லட்டும் என்றார்கள். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்கள் ஆபீஸில் வந்து உட்கார்ந்திருக்க, நான் குடைக் கடையில் பேனருக்குச் சிவப்பா நீலமா என்று பேசிக்கொண்டிருந்தேன். என் ஆட்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள், படங்கள் தயாராக இருந்தன. ஆனால் நான் வராமல் அவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்படித்தான் நான் பழக்கியிருந்தேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான், திரும்ப வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஷீபா. விழிஞ்ஞத்துப் பெண். அப்பா படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். அப்போது அங்கே கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் வழியை அடைத்துக்கொள்ளும், ஆனால் அவள் ஒரு நாளும் அதைச் சாக்காகச் சொல்லித் தாமதமாக வந்ததில்லை. மலையாளத்தில் அவள் எழுதும் வரிகள் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலாகப் பேசுவது போல இருக்கும். என் வரிகள் பொன்னாடை போர்த்திக்கொண்டு மேடையில் நிற்கும். வித்தியாசம் எனக்கே தெரிந்தது. வந்த கொஞ்ச காலத்தில் பஜார் விளம்பரங்களில் பெரும்பாலானவற்றை அவள்தான் எழுதினாள். நான் அதைக் கொண்டுபோய், வெற்றிலை வாங்கி, வெள்ளைத் தாளில் என் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடுதான்.

ஒரு கர்க்கடக மாத மழை நாளில், மத்தியானம், குடையை வாசலில் சாய்த்துவிட்டு என் அறைக்குள் வந்தாள்.

"சார், ஒரு காரியம் சொல்லணும். கொச்சில ஒரு கம்பெனில கூப்பிட்டிருக்காங்க. ஓணம் கழிஞ்சு வர்றேன்னு சொல்லலாம்னு இருக்கேன்."

"சம்பளமா?"

"சம்பளம் கொஞ்சம் கூடுதல்தான். அதுக்காக இல்ல."

"பின்னே?"

"இங்க நான் எழுதுறேன், நீங்க கொண்டு போறீங்க. கேட்டுட்டு அண்ணாச்சி சிரிச்சாரா, முகம் சுளிச்சாரா, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க திரும்ப வந்து ஓகே ஆயிடுச்சுன்னு சொல்வீங்க. எனக்கு அந்த முகத்தப் பாக்கணும் சார். பாக்காம எழுதி எழுதி அலுத்து மடுத்துப் போச்சு."

"என் கைமேல அவாளுக்கு ஒரு நம்பிக்கை. நான் என்ன செய்யட்டும்?"

"எனக்கு எப்போ சார் ராசி வரும்? நீங்க மரிச்ச பின்னயா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாம் தூக்கிவிட்ட பெண் நம்மையே கேட்கிறாளே என்று வீடு போகும்வரை புலம்பினேன். படுக்கப் போகும்போதுதான் கோபம் இறங்கி, பயம் ஏறியது. அவள் போனால் அவள் இடத்தில் நிற்க ஆள் இல்லை. புதிதாக வந்த கிளையன்ட்கள் எல்லாம் அவள் வரியைப் பார்த்து வந்தவர்கள். அவளை முன்னால் நிறுத்தினால் அண்ணாச்சி போவார். அண்ணாச்சி போனால் பஜார் மொத்தமும் அவர் பின்னால் போகும், எங்கள் சோறு அங்கேதான் வெந்துகொண்டிருந்தது. இரண்டில் எது போனாலும் தைக்காட்டு மாடியைக் காலிசெய்துவிட்டு வலியசாலை முன்னறைக்கே திரும்ப வேண்டியதுதான்.

அந்த வருஷம் பார்த்து அண்ணாச்சி இரண்டாவது கடை திறக்க இருந்தார். பைபாஸ் ரோட்டில், பெரிய கடை. அவர் வாழ்க்கையிலேயே பெரிய காரியம். வேறு எந்த வருஷமாக இருந்தாலும் யோசித்துச் செய்யலாம் என்று தள்ளிப்போட்டிருப்பேன்.

ஷீபாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மோகனனிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சாரே, ஓணச் சமயத்துல பரீட்சணம் வேண்டா. ஒரு வெத்திலதானே, நீங்களே போய் வாங்கிட்டு வந்தா தீர்ந்தில்லே?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால் நான் என்ன செய்தேன் என்றால், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். ஷீபாவைக் கூட்டிக்கொண்டு போனேன், கூடவே நானே எழுதிய ஒரு வரியைத் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தலைமுறைகள் நம்பும் பாத்திரங்கள், இதோ உங்கள் அருகில். வழக்கமான பொன்னாடை. ஏதாவது கோணலானால் எடுத்து நீட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

சிங்கம் ஒன்றாம் தேதி பஜாரில் பூக்காரர்களின் குரலைத் தவிர வேறு சத்தம் ஆரம்பிக்கவில்லை. அண்ணாச்சி குளித்துத் திருநீறு பூசி, கல்லாவில் இருந்தார். அவர் மருமகள் செல்வி பில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடையில் வேலை பழகிய பெண். அண்ணாச்சியின் மகனுக்கு வெளிநாட்டில் உத்தியோகம், கடைப் பக்கம் நாட்டமில்லை.

"வாங்க சாமி. இருங்க. இது ஆராக்கும்?"

"ஷீபா. நம்ம ஆபீஸ்தான். அண்ணாச்சி, இந்தத் தடவை இவள் எழுதுவாள்."

அண்ணாச்சி தட்டை எடுக்கப் போன கையை நிறுத்திக்கொண்டார். ஷீபா கழுத்தில் சின்னச் சிலுவைச் சங்கிலி உண்டு. அது அவர் கண்ணில் படுமோ என்று எனக்கு ஒரு பதைப்பு. அதை அவர் பார்க்கவே இல்லை. அவள் விரல்களைத்தான் பார்த்தார்.

"சாமி, நான் ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு மேலுக்கு ஏதாம் சொகமில்லையா?"

"நன்னாத்தான் இருக்கேன்."

"அப்பம் பின்ன எதுக்கு? புதுக் கடை இது. சும்மா ஓண விளம்பரம்னா ஆரு வேணும்னாலும் எழுதட்டும். இது உங்க கைதான் வேணும் எனக்கு. இல்லைன்னா இந்த வருசம் விளம்பரமே வேண்டாம், கேட்டேளா. விட்டுருவோம்."

சட்டைப் பையில் அந்தத் துண்டுக் காகிதம் இருப்பது நெஞ்சில் உறைத்தது. எடுத்து நீட்டினால் எல்லாம் சுபம். ஷீபாவும் ஒன்றும் சொல்ல மாட்டாள், ஓணம் முடிந்ததும் கொச்சிக்குப் போய்விடுவாள், அவ்வளவுதான். இப்படிப்பட்ட நேரத்தில் சட்டென்று ஒரு நல்ல வார்த்தை சொல்லிச் சமாளிப்பதில் நான் கெட்டிக்காரன். என் பிழைப்பே அதுதான். அன்றைக்கு என் வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது. அதற்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

நான் பேசாததைப் பார்த்து ஷீபா பேசினாள்.

"அண்ணாச்சி, புதுக் கடைல கல்லாவுல ஆரு இருப்பா?"

"மருமவ."

"வர்றவங்க உங்களத்தானே கேப்பாங்க? அண்ணாச்சி எங்க, அண்ணாச்சி கையால தரணும்னு பறய மாட்டாங்களா?"

அண்ணாச்சி கல்லாவின் இழுப்பறையைத் திறந்து மூடினார்.

"உங்க மருமக கைக்கு ராசி உண்டா அண்ணாச்சி?"

பில் புத்தகம் அடுக்கும் சத்தம் நின்றது. செல்வி எங்கள் பக்கம் திரும்பவில்லை, கை மட்டும் அப்படியே நின்றது. அண்ணாச்சியின் முகம் சிவந்ததைப் பார்த்தேன். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் பதிலுக்குத் தடுமாறி நான் பார்த்தது அன்றுதான். உண்டு என்று சொன்னால் ஷீபாவிடம் தோற்கிறார். இல்லை என்று மருமகள் காதுபடச் சொல்ல அவரால் முடியாது, அவ்வளவு கல்நெஞ்சக்காரர் இல்லை அவர்.

"பிள்ளே, நீ எழுத வந்தியா, கேள்வி கேக்க வந்தியா?" என்றார்.

"எழுதத்தான் அண்ணாச்சி. ஆரு கடைக்கு எழுதுறேன்னு தெரியணும் அல்லே."

அண்ணாச்சி எழுந்தார். வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். யார் கையிலும் கொடுக்கவில்லை. "ஆரு வேணும்னாலும் எடுங்க" என்று சொல்லிவிட்டுக் குடோன் பக்கம் போய்விட்டார்.

ஷீபா என்னைப் பார்த்தாள். நான் கையை முன்னால் கொண்டுவரவில்லை. செல்விதான் மெல்லச் சொன்னாள், "எடுங்க சேச்சி." ஷீபா வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெள்ளைத் தாளில் மலையாளத்தில் எழுதினாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: பாத்திரம் அதேதான். வண்டி நிறுத்த இடம் உண்டு.

சாலை பஜாருக்கு வண்டியில் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு இட்லிப் பானை வாங்க வந்தவன் வண்டியை நிறுத்த இடம் தேடி, ஊரைச் சுற்றி, கடைசியில் பானை வாங்காமல் வீடு போய்ச் சேர்வான். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணாச்சி திரும்பி வந்து தாளை எடுத்தார், படித்தார்.

"வண்டி நிறுத்துகதுக்கு இடம் உண்டுன்னா எவனாம் விளம்பரம் போடுவான்? நான் என்ன பார்க்கிங் கடையா வச்சிருக்கேன்?"

தாளைச் சாமி படத்தின் முன்னால் வைக்கவில்லை. தராசுத் தட்டின் அடியில் செருகினார். சொல்லியனுப்புகிறேன் என்றார். நாங்கள் வெளியே வந்தோம்.

அடுத்த நாள் சொல்லியனுப்பவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. கடைத் திறப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. பத்திரிகையில் பிடித்து வைத்த இடத்தை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மோகனன் என் அறைக்கு வருவார், மேஜைமேல் இருக்கும் போனைப் பார்ப்பார், போவார். ஷீபா தலைநிமிராமல் ஃபிளாட்காரர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது நான், வாங்கிக் கட்டிக்கொண்டது அவள்.

பொறுக்க முடியாமல் ஒரு சாயங்காலம் பஜாருக்குக் கிளம்பிப் போனேன், தனியாக, அந்தத் துண்டுக் காகிதத்தோடு. அண்ணாச்சி கடைக்கு எதிரே வாழையிலை விற்பவர் பக்கத்தில் ஒதுங்கி நின்று பார்த்தேன். கல்லாவில் செல்வி இருந்தாள். அண்ணாச்சி வாடிக்கையாளர்கள் நிற்கிற பக்கத்தில், ஒரு தூணில் சாய்ந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றிருந்தார். ஒரு அம்மாள் குத்துவிளக்கை அவரிடம் நீட்டி விலை கேட்டாள். "அங்க கேளுங்க" என்று கல்லாவைக் காட்டினார். அம்மாள் விடவில்லை. அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் உள்ளே போகவில்லை. அவர் எதைப் பழகிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. அந்த நேரத்தில் நான் போய் என் கையை நீட்டினால் அதைவிடக் கெடுதல் அவருக்குச் செய்ய முடியாது. வாழையிலை ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் சட்டையைத் துவைக்கப் போட்ட என் மனைவி பையிலிருந்த காகிதத்தை எடுத்து வாசித்துவிட்டு, "இது ஏதோ பழைய விளம்பரமாக்கும், வேணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அன்று ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்ததும் அண்ணாச்சியிடமிருந்து போன்.

"சாமி, பத்திரிகைக்குக் குடுத்துருங்க."

"அந்தப் பொண்ணு எழுதினதையா?"

"அதத்தான். ஒரு வரி கூடச் சேக்கணும். உள்ளே செல்வி உண்டு, அப்பிடின்னு போடுங்க."

"பேரையே போடணுமா அண்ணாச்சி?"

"பேரத்தான் போடணும். வாறவன் பூரா அண்ணாச்சி எங்கன்னு கேப்பான். கேக்கதுக்கு முன்னயே சொல்லிருவோம். கொள்ளாமா?"

கொள்ளாம், நன்றாகவே இருக்கிறது என்றேன்.

ஷீபாவிடம் நான் ஓகே ஆயிடுச்சு என்று சொல்லவில்லை. அண்ணாச்சி ஒரு வரி சேர்த்திருக்கிறார், நீயே போய் எழுதிக்காட்டி வா என்று அனுப்பினேன். மத்தியானம் வந்தாள்.

"என்ன, முகத்தப் பாத்தாச்சா?"

"பாத்தேன் சார். சிரிக்கல்ல. ஆனா ரெண்டு தடவ வாசிச்சார். பின்ன அந்தப் பேப்பர எடுத்து சாமி படத்துக்கு முன்ன வச்சார்."

கொச்சிக்காரர்களுக்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. ஓணம் கழிந்து பார்த்தேன், அவள் மேஜையில் இருந்தாள்.

கடை திறந்த அன்று ஊரெல்லாம் கூடி வரிசையில் நின்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். விடியற்காலையிலிருந்து கொட்டு கொட்டென்று கொட்டியது மழை. விளம்பரத்தில் நாங்கள் பெருமையாகச் சொன்ன அந்த வண்டி நிறுத்தும் இடத்தில் முழங்கால் தண்ணீர். ஷீபா பேயறைந்த மாதிரி நின்றாள். அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து தண்ணீரைப் பார்த்தார். இதோ ராசிக் கணக்கு வரப்போகிறது என்று நினைத்தேன். "மழைக்கு ஆரு கையிலயும் ராசி கிடையாது பிள்ளே" என்றார். "உள்ள போய்ச் செல்விக்கு ஒரு கை குடு." ஓணத்துக்கு முந்தைய வாரம் வெயில் அடித்தது. வண்டிகள் வந்தன. வந்தவர்கள் செல்வி யார் என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

இப்போது ஷீபாவுக்கு வந்திருக்கிறது அந்த வியாதி. மேடம் எழுதினால்தான் சரியாக வரும் என்று கிளையன்ட்கள் சொல்கிறார்கள், அவளுக்கு அது பிடித்தும் இருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதற்காக அவள்மேல் கோபப்படாதீர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என்றாவது ஒரு காலையில் அவள் உங்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவாள். தட்டு உங்கள் முன்னால் வரும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள்.

கடை திறந்ததற்கு அடுத்த வருஷம் சிங்கம் ஒன்றாம் தேதி நடந்ததையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். காலையில் குளித்து, கஞ்சி போட்ட வேட்டி கட்டி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு தயாராக இருந்தேன். ஷீபா கூட வரட்டும், அவளே எழுதட்டும், ஆனால் நானும் போவேன், அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காப்பி குடிப்பேன் என்று நினைத்திருந்தேன். அண்ணாச்சி போன் செய்தார்.

"சாமி, வெத்தில எடுத்து வச்சாச்சு. நீங்க எதுக்கு மழையில அலையுதீங்க. அந்தப் பிள்ளைய அனுப்புனா மதி, அது போதும்."

சரி என்றேன். ஷீபாவுக்குச் சொல்லிவிட்டு அந்த வேட்டியோடேயே ஆபீஸுக்குப் போனேன். அவள் எங்கள் புதுப் பையன்களில் ஒருவனையும் ஒரு பெண்ணையும் ஆளுக்கொரு கடைக்கு அனுப்பிவிட்டு, தான் அண்ணாச்சி கடைக்குப் போயிருந்தாள். போன்கள் அடித்தன. எல்லாமே வேறு யாருக்கோ. மோகனன் இரண்டு முறை எட்டிப் பார்த்து, வேட்டியைப் பார்த்துவிட்டுப் போனார். மத்தியானம் பசித்தது. வருஷக்கணக்காக நான் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். ஓணச் சீசனில் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

மனைவி இலை போட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்துவிட்டாள்.

"ஏன்னா, உடம்புக்கு என்ன? ஓணம் வரச்சே மத்தியானம் ஆத்துக்கு வந்திருக்கேளே."

"ஒண்ணுமில்லை. சாப்பிட வந்தேன்."

"சாப்பிடவா? உங்களுக்குன்னு நான் வெக்கவே இல்லையே."

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. காலையிலிருந்து ஊரில் யாருக்கும் நான் வேண்டியிருக்கவில்லை, இங்கே எனக்குச் சாதமும் இல்லை. எத்தனை ஓணமாக அவள் இப்படித் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. கைகழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் இன்னொரு இலையை நறுக்கிப் போட்டு, தன் இலையில் இருந்த சாதத்தை இரண்டாகப் பிரித்தாள்.

"நாளைக்கும் வருவேளா?" என்று கேட்டாள். "வர்றதா இருந்தா உங்களுக்கும் சேத்து வெக்கறேன்."

"சேர்த்தே வை" என்றேன்.